யாரைக் கேட்டு யுத்தம்?

(பழநி மலை கிராமமாகிய பண்ணைக்காட்டில் நடந்த பொதுக்கூட்டத்தில் பேசியதன் சாரம்)



தலைவரவர்கள் நம்மைப் பற்றி ஏதேதோ புகழ்ச்சியாகச் சொல்லிவிட்டார். நாம் பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவரல்ல. பத்திரிகைகளைப் பார்த்தும், படித்தவர்களைத் துருவித் துருவிக் கேட்டும் தெரிந்துகொண்டதைத்தான் சொல்லப்போகிறோம். ஆதலால் நாம் சொல்லுவதை அப்படியே நம்பிவிடாமல் வீட்டிற்குப் போய் ஆற அமர யோசித்து, சரியென்று பட்டால் ஒப்புக்கொள்ளுங்கள்; இல்லாவிட்டால் தள்ளிவிடுங்கள்.

"பூண்டுக்கு விலை இல்லை, காப்பித் தோட்டத்தைக் காட்டெருமை மிதிக்கிறது, இதையெல்லாம் விட்டுவிட்டு யுத்தத்தைப் பற்றி இந்த மலையில் எதற்குப் பேச்சு?" என்று வரும்போதே ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் பதில் இந்த மலையிலேயே கிடக்கிறது. கொடைக்கானலிலிருந்து பேரிஜம் ஏரி வழியாக டாப் ஸ்டேஷன், மூணாறு போகிற காட்டுப்பாதை ஒன்று உண்டல்லவா? 1990 முதல் மூடிக்கிடக்கும் அந்தப் பாதைக்கு "எஸ்கேப் ரோடு" என்று ஏன் பெயர் வந்தது?

1939 செப்டம்பர் 3ந் தேதி வைஸ்ராய் லின்லித்கோ பிரபு இந்தியா யுத்தத்தில் சேர்ந்துவிட்டதாக அறிவித்தார். எந்தச் சட்டசபையையும் கேட்கவில்லை, எந்தப் பிரஜையையும் கேட்கவில்லை. 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் கொழும்பிலும், விசாகப்பட்டினத்திலும், காக்கிநாடாவிலும் குண்டு போட்டதும் சென்னை சர்க்கார் தன் அலுவலகங்களையே உள்நாட்டு ஊர்களுக்கு மாற்றிற்று. அந்தக் காலத்தில்தான், ஜப்பான்காரன் வந்துவிட்டால் இங்கிருந்து மூணாறு வழியாகக் கொச்சிக்குப் போய்க் கப்பலேறித் தப்புவதற்கென்று இந்தப் பாதை செப்பனிடப்பட்டது. யுத்தத்தை அறிவித்த கூட்டத்திற்குத் தப்பி ஓட ஒரு ரோடு! மண்வெட்டி பிடித்து ரோடு போட்டவனுக்கும், மலையடியில் நெல் விளைவித்தவனுக்கும் என்ன ரோடு இருந்தது? 1943ல் வங்காளத்தில் பஞ்சத்தாலும் அதன் பின் வந்த நோயாலும் சுமார் 30 லட்சம் ஜனங்கள் மாண்டார்களே, அவர்களுக்கு எந்த ரோடு இருந்தது?

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். அந்த யுத்தத்தில் நமது இயக்கத் தலைவர்களும் சர்க்கார் பக்கமே நின்றார்கள். ஹிட்லரை எதிர்த்தது சரியே என்று இன்றைக்கும் வாதிக்கலாம். 1962ல் எல்லை தாண்டி வந்தவனைத் தடுக்க ஜவான் போனதையும் நாம் குறை சொல்லவில்லை. வீட்டுக்குள் திருடன் புகுந்தால் தடியெடுக்க யாரையும் கேட்கவேண்டியதில்லை. நாம் பேசுவது அடுத்த வீட்டுச் சண்டைக்கு நம் பிள்ளையை அனுப்புவதைப் பற்றியதாகும்.

வெள்ளைக்காரன் அன்னியன், அதனால் கேட்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். சுயராஜ்ய சர்க்கார் கேட்டதா? 1987 ஜூலை 29ந் தேதி கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். மறுநாள் இந்தியப் படை யாழ்ப்பாணத்தில் இறங்கிவிட்டது. பார்லிமெண்டில் ஓட்டெடுத்தா அனுப்பினார்கள்? இல்லை. பெயர் மாத்திரம் அமைதிப்படை. அக்டோபரில் அந்தப் படையே யுத்தம் தொடங்கிற்று. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டரிலிருந்து இறக்கிவிடப்பட்ட 30 சீக்கியச் சிப்பாய்களில் 29 பேர் செத்தார்கள், ஒருவர் பிடிபட்டார். எங்கோ பஞ்சாபில் கோதுமை விதைத்துக்கொண்டிருந்தவர்கள் வீட்டுப் பிள்ளைகள்! யாருக்காக, எதற்காக என்று அவர்களுக்குச் சொன்னவர் யார்? அதே மாதம் 21ந் தேதி, தீபாவளி நாளில், யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குள் படை புகுந்து சுட்டதில் நோயாளிகளும், டாக்டர்களும், நர்சுகளுமாக அறுபதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். ஓர் அசுரன் செத்தான் என்று இங்கே எண்ணெய் தேய்த்துக் குளித்துப் பட்டாசு கொளுத்திக்கொண்டிருந்த அதே நாளில் அங்கே கட்டிலில் கிடந்த தமிழன் செத்தான். கடைசிச் சிப்பாய் 1990 மார்ச் 24ந் தேதி கப்பலேறுவதற்குள் நம் படையில் சுமார் 1,200 பேர் போய்விட்டார்கள். திரும்பிவந்த படையை வரவேற்கத் தமிழ்நாட்டு முதல்மந்திரி கருணாநிதி போகமாட்டேன் என்றார். அதற்காக அவரைத் தேசத்துரோகி என்றார்கள். தேசத்தைக் கேட்காமல் அனுப்பினவர்களுக்கு ஒரு பெயரும் இல்லை.

இதற்குப் பிறகும் புத்தி வந்ததா என்றால், ஒரு தடவை வந்தது, அதையும் சொல்லவேண்டும். 2003ல் அமெரிக்கா ஈராக்கின் மேல் படையெடுத்தது. அதற்கு முன் பிப்ரவரி 5ந் தேதி அந்நாட்டு மந்திரி பவல் ஐ.நா. சபையில் ஒரு சிறு குப்பியைத் தூக்கிக் காட்டி, ஈராக்கில் பேரழிவு ஆயுதம் இருக்கிறது என்று பேசினார். நம் ஊர்ச் சாமியார் வெறுங்கையை மூடித் திறந்து விபூதி காட்டுகிறானல்லவா, அதே வித்தைதான்! விபூதியையாவது நெற்றியில் பூசிக்கொள்ளலாம். அமெரிக்கர்களே ஆள் வைத்து ஈராக் முழுவதும் தேடி, அப்படிப்பட்ட ஆயுதக் குவியல் எதுவும் இல்லையென்று 2004ல் அறிக்கை போட்டார்கள். அதற்குள் எத்தனை ஆயிரம் குடும்பங்கள் அழிந்தன!

ஈராக்கைப் பிடித்த பிறகு, காவல் காக்க இந்தியாவும் ஒரு டிவிஷன், அதாவது 17,000 சிப்பாய்கள் வரையில், அனுப்பவேண்டும் என்று அமெரிக்கா கேட்டது. அனுப்பினால் வல்லரசின் சிநேகம் கிடைக்கும், கட்டுமான காண்டிராக்டுகள் கிடைக்கும் என்று டில்லியில் எழுதினவர்களும் பேசினவர்களும் உண்டு. காண்டிராக்டு யாருக்கு, சவப்பெட்டி யாருக்கு என்று அவர்கள் எழுதவில்லை. ஆனால் ஏப்ரல் மாதத்திலேயே லோக்சபையில் அந்த யுத்தத்தை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேறியிருந்தது. கண்டிப்பதா, வருந்துவதா என்று சொல்லுக்குச் சண்டை போட்டு, கடைசியில் இந்தியில் "நிந்தா" என்று போட்டுச் சமாளித்தார்கள், போகட்டும். ஜனங்களும், எதிர்க்கட்சிகளும், பத்திரிகைகளும் சேர்ந்து கூச்சல் போட்டதில், ஜூலை 14ந் தேதி வாஜ்பாய் மந்திரிசபை, ஐ.நா. கட்டளை இல்லாமல் படை அனுப்புவதற்கில்லை என்று முடிவு செய்தது. எந்தச் சாமியும் அதைத் தடுக்கவில்லை. கேள்வி கேட்டவர்கள் தடுத்தார்கள்.

ஆனால் தோழர்களே, அன்று மந்திரிசபை அனுப்புவதென்று முடிவு செய்திருந்தால்? அனுப்பியிருக்கலாம், சட்டம் குறுக்கே நிற்காது. நம் அரசியல் சட்டத்தைப் புரட்டிப் பாருங்கள். படைகளின் தலைமை ஜனாதிபதியிடம். ஜனாதிபதி நடப்பது மந்திரிகள் ஆலோசனைப்படி. யுத்தத்திற்குப் படை அனுப்புமுன் பார்லிமெண்டில் ஓட்டெடுக்கவேண்டும் என்று ஒரு வரி கிடையாது. கலியாணத்திற்குப் பெண் கொடுக்கிறவன்கூட நாலு பேரைக் கேட்கிறான்.

ஓட்டெடுத்தால் யுத்தம் நின்றுவிடுமா என்று கேட்பீர்கள். நிச்சயம் இல்லை. 2003 மார்ச்சில் பிரிட்டிஷ் பார்லிமெண்டில் ஓட்டெடுத்துத்தான் ஈராக்குக்குப் போனார்கள். ஆனால் அதே சபையில் 2013 ஆகஸ்டில் சிரியாவைத் தாக்கலாமா என்று மந்திரிசபை கேட்டபோது 285க்கு 272 என்று தோற்றது, விமானம் கிளம்பவில்லை. 13 ஓட்டு தோழர்களே, 13 ஓட்டு! அதோடு யார் கை தூக்கினான் என்று பெயர் பதிவாகிறது. அடுத்த எலெக்ஷனில் ஓட்டுக் கேட்டு இந்த மலையேறி வருகிறவனிடம், "என் பிள்ளையை அனுப்பக் கை தூக்கினாயா?" என்று நீங்கள் கேட்கலாம்.

பிள்ளை என்று சும்மா சொல்லவில்லை. 2022ல் அக்னிபத் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். சிப்பாயாகச் சேருகிறவனுக்கு நாலே வருஷ வேலை. அதன் பின் நாலில் ஒருவனுக்குமேல் வைத்துக்கொள்ள மாட்டார்கள். மற்றவனுக்குப் பென்ஷன் கிடையாது. அதற்கும் நம் கிராமத்துப் பையன்கள் விடியற்காலையில் ரோட்டில் ஓடிப் பழகுகிறார்கள். வேறு வேலை இருந்தால் ஓடுவார்களா? மந்திரி மகனோ, மடாதிபதியின் தம்பி மகனோ அந்த ஓட்டத்தில் ஓடுவதை நாம் பார்த்ததில்லை. யுத்தம் வந்தால் புரோகிதன் வெற்றிக்கு யாகம் செய்து தட்சணை வாங்குவான். எதிரி நாட்டுப் புரோகிதனும் அவன் சாமியிடம் அதையேதான் கேட்பான். இரண்டு பேருக்கும் வரும்படி உண்டு. ஓடிப் பழகினவன் மாத்திரம் பெட்டியில் வருவான்.

இப்போது தலைவரவர்கள் ஒரு தீர்மானத்தை வாசிக்கப்போகிறார். நாட்டின் எல்லைக்கு வெளியே யுத்தத்திற்குப் படை அனுப்புமுன் பார்லிமெண்டில் பெயர் சொல்லி ஓட்டெடுக்கவேண்டும், அதற்குச் சட்டம் செய்யவேண்டும் என்பதே அது. மாறுபட்ட அபிப்பிராயம் உள்ளவர்கள் கூசாமல் மேடைக்கு வந்து முதலில் பேசவேண்டும். அங்கே பின்வரிசையில் பட்டாளத்தில் இருந்து வந்த பெரியவர் ஒருவர் நாம் பேசும்போது இரண்டு முறை தலையை ஆட்டினார். ஆமென்று ஆட்டினாரா, இல்லையென்று ஆட்டினாரா என்று நமக்குத் தெரியவில்லை. அவரைப் பேசவிடும்படி தலைவரவர்களைக் கேட்டுக்கொண்டு நாம் உட்காருகிறோம்.