வாசலுக்கு வந்த மயில்

(வலப்பனைப் பகுதித் தோட்டமொன்றின் சிறுவர் பராமரிப்பு நிலையத்தில் நடந்த குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு களைப்போடு வந்திருக்கிறீர்கள். அதனால் நான் நீட்டிப் பேசப் போவதில்லை. போன கூட்டத்தில் பணிய லயத்து அக்கா ஒருவர் எழுந்து கேட்டது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். "ஐயா, மூணு தடவை போஞ்சி விதை போட்டேன். மூணு தடவையும் மயில் கிளறித் தின்னுருச்சு. அடிக்க மனசு வரல, முருகன் வாகனமாச்சே. அடிக்காம விட்டா பிள்ளைக்குக் கொப்பி வாங்க வழியில்ல. நான் என்ன செய்யட்டும்?" என்றார். அன்றைக்கு நான் சரியான பதில் சொல்லவில்லை. அந்தப் பதிலைத்தான் இன்றைக்குக் கொண்டு வந்திருக்கிறேன்.

நம்ம தாத்தா பாட்டி காலத்தில் மயிலைப் பார்க்க வேண்டுமென்றால் கதிர்காமம் போக வேண்டும். மயில் வறண்ட நாட்டுப் பறவை. பற்றைக்காடும் வெட்டவெளியும்தான் அதற்குப் பிடிக்கும். அடர்ந்த ஈரக்காடு அதற்கு ஆகாது. அதனால்தான் முன்பெல்லாம் மழை கூடிய பகுதிகளுக்கு அது வரவில்லை. இன்றைக்கு நாட்டின் ஈரவலயத்திலும், ஊர்மனைகளிலும், மலைநாட்டுத் தோட்டங்களிலும் அதன் அகவல் கேட்கிறது.

இது ஏன் நடந்தது? ஆராய்ச்சியாளர்கள் சில காரணங்களைச் சொல்கிறார்கள். காடு வெட்டப்பட்டு நிலம் வெளியாகிவிட்டது. கைவிடப்பட்ட வயலும் காணியும் பற்றை மண்டிக் கிடக்கிறது. மயில் முட்டையையும் குஞ்சையும் தின்னும் நரி குறைந்துவிட்டது. சீதோஷ்ணமும் மாறி வருகிறது. நம்ம வலப்பனையை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே இராகலைப் பக்கம் குளிர் மலை. கீழே இறங்கினால் ரந்தெனிகல நீர்த்தேக்கம், அதைச் சுற்றி 1987இல் அறிவிக்கப்பட்ட விக்டோரியா - ரந்தெனிகல - ரந்தம்பே சரணாலயம். வறண்ட காடு நமக்குப் பக்கத்து வீடு மாதிரி. இடையில் மறிக்கக் காடு இல்லையென்றால் அங்கிருந்து மேலே ஏறி வருவது மயிலுக்குப் பெரிய காரியமில்லை.

இது நம்ம நாட்டில் மட்டும் நடப்பதல்ல. 1933இல் பறவை அறிஞர் சாலிம் அலி திருவாங்கூர், கொச்சிப் பகுதிகளில் பறவைக் கணக்கெடுத்தார். அவர் முகாமிட்ட இடங்களில் ஒரு மயிலைக்கூடக் காணவில்லை. அதே கேரளத்தில் இன்று வயலிலும் வீட்டுத் தோட்டத்திலும் மயில் மேய்கிறது. ஊர் காய்ந்து வருவதற்கு இது ஓர் அடையாளம் என்று அங்குள்ள அறிஞர்கள் எச்சரிக்கிறார்கள். ஆகவே, மயில் வந்தது அதன் குற்றமில்லை. மலை மாறிவிட்டது, அதனால் மயில் வந்திருக்கிறது.

நம்ம நாட்டில் 2025 மார்ச் 15ஆம் திகதி காலை 8 மணிக்கு, ஐந்தே நிமிடத்தில், பயிரை அழிக்கும் குரங்கு, மர அணில், மயில் முதலியவற்றை எண்ணினார்கள். சுமார் 42 இலட்சம் மயில் இருப்பதாக முடிவு வந்தது. ஐந்து நிமிடத்தில் எண்ணுவது சரியான முறையா என்று விஞ்ஞானிகள் கேட்டார்கள். கணக்குக் கூடக் குறைய இருக்கட்டும். மூன்று தடவை விதை போட்ட அக்காவுக்கு அந்தக் கணக்குத் தேவையில்லை. அவருக்கு நட்டம் நட்டம்தான்.

இனி மயிலின் பழக்கத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம். பெண் மயில் பற்றைக்குள் தரையைக் கிளறி, நாலு முதல் ஏழெட்டு முட்டை வரை இடும். சுமார் 28 நாள் அடைகாக்கும். விதை, தளிர், பூச்சி, புழு, ஓணான், சின்னப் பாம்பு எல்லாம் தின்னும். பெரும்பாலும் அதிகாலையிலும் மாலையிலும் மேயும், இராவில் உயர்ந்த மரத்தில் அடையும். ஆண் மயிலின் தோகை வருடத்துக்கு ஒருமுறை தானாகவே உதிரும். ஆகவே இறகுக்காக யாரும் மயிலை விரட்டிப் பிடிக்க வேண்டியதில்லை.

மயில் விசயத்தில் நாம் இரண்டு பிழை செய்கிறோம். முதலாவது, சாமி வாகனம் என்று அரிசி போடுவது. பக்தி நல்லதுதான். ஆனால் நீங்கள் வாசலில் போடும் ஒரு பிடி அரிசி, அந்தப் பறவைக்கு மனுசப் பயத்தைப் போக்கிவிடும். இன்றைக்கு ஒன்று வரும், நாளைக்குக் குஞ்சோடு வரும். மேட்டு லயத்தில் அரிசி போட்டால் பணிய லயத்தில் பாத்தி போகும். முருகனைக் கும்பிடக் கோவில் இருக்கிறது. மயிலுக்குச் சாப்பாடு அதன் காட்டில் இருக்கிறது.

இரண்டாவது பிழை இதைவிடப் பெரியது: சுருக்குக் கம்பி கட்டுவதும், நஞ்சு வைப்பதும். பன்றிக்கும் மயிலுக்கும் என்று கட்டுகிற கம்பிக்கு யார் வருகிறார் என்று தெரியாது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் தேயிலைத் தோட்டமொன்றில் அப்படிப்பட்ட கம்பியில் ஒரு கருஞ்சிறுத்தை மாட்டியது. மீட்டு, உடவளவைக்குக் கொண்டுபோய் வைத்தியம் பார்த்தார்கள். சில நாளில் செத்துப்போனது. எவ்வளவு அரிதான பிராணி! இதையும் யோசியுங்கள்: பன்றியையும் மயிலையும் பிடித்துத் தின்னுவது சிறுத்தைதான். நமக்கு உதவியாக இருப்பதையே நாம் கொன்றுவிடுகிறோம். நாளைக்கு அந்தக் கம்பியில் நம்ம நாயோ, விளையாடப் போன பிள்ளையோ மாட்டாது என்று யார் சொல்ல முடியும்? நஞ்சு கலந்த தானியம் கோழியைக் கொல்லும். மழையில் கரைந்து பீலித் தண்ணியிலும் சேரும். சட்டமும் விடாது, கம்பி கட்டிப் பிடிபட்டால் வழக்குத்தான். சம்பளத்தைக் கொண்டுபோய் நீதிமன்றத்தில் கட்டவா கொழுந்து எடுக்கிறோம்?

அப்படியானால் என்ன செய்வது? கையில் உள்ளதை வைத்தே செய்யலாம்.

விதையை நேரே பாத்தியில் போடாதீர்கள். முளைத்துத் தெம்பாகும் வரை வீட்டுக் கோடியில் பழைய சட்டியிலோ பையிலோ வளர்த்துப் பிறகு நடுங்கள். மயில் அதிகம் அழிப்பது விதையையும் இளம் தளிரையும்தான்.

புதுப்பாத்தியின் மேலே கவ்வாத்து மிலாறை நெருக்கமாகப் பரப்புங்கள். மயிலால் கால் வைத்துக் கிளற முடியாது. வலை வாங்க முடிந்தால் கம்பு நட்டு இறுக்கிக் கட்டுங்கள். தளர்ந்து கிடந்தால் பறவை சிக்கிக்கொள்ளும்.

மினுங்கும் நாடா கட்டுகிறவர்கள் சில நாளுக்கு ஒருமுறை இடத்தை மாற்றுங்கள். ஒரே இடத்தில் இருந்தால் மயில் பழகிவிடும்.

குப்பையையும் மிச்சச் சோற்றையும் மூடி வையுங்கள். கோழித் தீனியைச் சிந்த விடாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, லயத்தோடு சேர்ந்து செய்யுங்கள். ஒரு வீடு விரட்டினால் மயில் அடுத்த வீட்டுப் பாத்திக்குப் போகும், அவ்வளவுதான். வேலைக்குப் போகாத பெரியவர்கள் காலையிலும் மாலையிலும் முறை வைத்துப் பார்த்துக்கொண்டால் எல்லோர் பாத்தியும் தப்பும்.

நட்டத்தை ஒரு கொப்பியில் திகதியோடு எழுதி வையுங்கள். லயத்து ஆட்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டு, கிராம உத்தியோகத்தரிடமும் விவசாயப் போதனாசிரியரிடமும் கொடுங்கள். வாயால் சொன்னது காற்றோடு போகும், எழுதினது நிற்கும். காயப்பட்ட மயிலையோ கம்பியில் மாட்டிய மிருகத்தையோ கண்டால் கிட்டப் போகாமல், 1992 என்ற இலக்கத்தில் வனசீவராசிகள் திணைக்களத்துக்குச் சொல்லுங்கள்.

அக்கா, உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான். மயிலை அடிக்கவும் வேண்டாம், கூப்பிடவும் வேண்டாம். பாத்தியைக் காப்பாற்றுங்கள். நாலாவது தடவை விதை போடுகிற அன்றைக்கு மிலாறு சுமக்க நானும் வருகிறேன். பக்கத்து வீட்டு ஆட்களும் வருவார்கள், இங்கேயே தலையாட்டுகிறார்கள். பிள்ளையின் கொப்பிக்கு அந்தப் போஞ்சி கட்டாயம் காய்க்க வேண்டும்.