நடைபாதைக்கு எட்டாத நோட்டீஸ்

இன்று சட்டப் பட்டம் பெறும் செல்வங்களே,

ஓல்கா டெல்லிஸ் வழக்கை நீங்கள் எல்லோரும் தேர்வுக்குப் படித்திருப்பீர்கள். அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் உயிர்வாழும் உரிமைக்குள் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்று எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். அந்தத் தீர்ப்பின் மற்ற பக்கங்களைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

1981 ஜூலை. மழைக்காலம். பம்பாய் நடைபாதைவாசிகளை அகற்றி, அவரவர் சொந்த ஊருக்கே அனுப்பப்போவதாக மகாராஷ்டிர முதல்வர் ஏ.ஆர். அந்துலே அறிவித்தார். அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனவர்களில் ஒருவர் நம் சேலத்துக்காரர். நிலமில்லாத கூலித் தொழிலாளி. வறட்சியில் வேலையில்லாமல் 1961இல் பம்பாய் போனவர். இருபது ஆண்டு கழித்து மாநகராட்சி அவர் குடிசையைப் பிரித்தெறிந்து, மனைவியோடும் மூன்று மகள்களோடும் சேலத்துக்குப் பஸ் ஏற்றியது. குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வேலை தேடி அவர் பம்பாய்க்கே திரும்பினார். மறுபடியும் நடைபாதைக் குடிசைதான். ஊரில் பிழைக்க வழி இருந்திருந்தால் அவர் ஏன் திரும்பப் போகிறார்? 1985 ஜூலையில் தலைமை நீதிபதி ஒய்.வி. சந்திரசூட் எழுதிய தீர்ப்பின் அடிப்படையும் இதுதான்: வேலைக்கு அருகில் இருக்கத்தான் நடைபாதையில் படுக்கிறார்கள், அங்கிருந்து விரட்டினால் பிழைப்பு போகும், பிழைப்பு போனால் உயிரும் போகும்.

வழக்கில் அவர்கள் ஜெயித்தார்களா? இல்லை. அகற்றும் அதிகாரம் செல்லும் என்று அதே தீர்ப்புதான் சொன்னது. அகற்றுமுன் அவர்கள் தரப்பைக் கேட்கவேண்டும் என்று வலியுறுத்திவிட்டு, அந்த வாய்ப்பை நாங்களே தந்துவிட்டோம் என்றும் முடித்துவிட்டது. மழை ஓயட்டும் என்று அக்டோபர் 31 வரை அவகாசம் கிடைத்தது. 1976இல் எடுத்த குடிசைவாசிகள் கணக்கெடுப்பில் அடையாள அட்டை வாங்கியவர்களுக்கு மாற்றிடம் தரச் சொன்னார்கள். இந்தத் தீர்ப்பின்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. தீராத மனக்குறையும் உண்டு.

அந்த மனக்குறை அண்மைத் தீர்ப்பிலும் தீரவில்லை. 2024 நவம்பர் 13 அன்று, உரிய நடைமுறை இல்லாமல் வீடுகளைத் தரைமட்டமாக்கும் புல்டோசர் இடிப்புகளுக்கு எதிராக உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது நாடே பாராட்டியது. 15 நாள் நோட்டீஸ், நேரில் கேட்பு, காரணம் கூறும் உத்தரவு எல்லாம் கட்டாயமாயின. ஆனால் சாலை, நடைபாதை, ரயில் பாதை ஓரம், நீர்நிலை ஆகிய பொது இடங்களில் உள்ள அனுமதியற்ற கட்டுமானங்களுக்கு இவை பொருந்தாது என்றும் அதில் இருக்கிறது. ஏழைக்கு நகரத்தில் கிடைக்கும் இடமே இவைதானே! நடைபாதை நடப்பவர்களுக்கு வேண்டும், மறுக்கவில்லை. பதினைந்து நாள் பொறுத்தால் எந்தச் சாலையும் நின்றுவிடாது.

வீடற்றவர்களுக்குக் காப்பகம் இருக்கிறதே என்பார்கள். நகர மக்கள்தொகையில் லட்சம் பேருக்கு ஒன்று, நூறு பேர் தங்கும் அளவில் இருக்கவேண்டும் என்று மத்திய அரசுத் திட்டம் விதி வகுத்தது. எண்ணிக்கை ஒருபுறம் இருக்கட்டும். ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று என்று பிரித்துவைத்தால், மனைவியும் மூன்று மகள்களும் உள்ள ஒருவர் எங்கே போவார்? காப்பகத்தில் இடம் இருந்தும் வரமறுத்தார்கள் என்று அரசுத் தரப்பு வாதிட்டால், அது எந்த மாதிரி இடம் என்று கேளுங்கள்.

ஜேசிபி வந்து நின்றபிறகு ஓடிவரும் வக்கீலால் அதிகம் செய்ய முடியாது. அட்டை வைத்திருந்தவருக்குத்தான் அன்று மாற்றிடம் என்பதை மறக்காதீர்கள். கணக்கெடுப்பில் பெயர் ஏறியிருக்கிறதா, ஆதார் உண்டா, ரேஷன் கார்டு உண்டா என்று முன்பே பார்த்துவைப்பவரால்தான் தடையாணை வாங்க முடியும். 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களும் பட்டியலினத்தவரும் பழங்குடியினரும் வருமானம் பாராமல் இலவசச் சட்ட உதவி பெறலாம். நடைபாதையில் இருப்பவர்களுக்கு இதை யார் போய்ச் சொல்வது? பார் கவுன்சிலில் பதிவு செய்த கையோடு உங்கள் ஊர் வட்டச் சட்டப் பணிகள் குழுவை அணுகி, உதவ முன்வாருங்கள். மழை தொடங்குமுன் பஸ் நிலையத்து நடைபாதையில் இருக்கும் குடும்பங்களின் பட்டியலை எடுத்து முடியுங்கள்.