நம்பிக்கையில் வந்த எழுதுகோல்



சுவடிக் காலத்தில் படியெடுத்தல் நூலுக்கு உயிர். கணிப்பொறி வணிகமோ அதனைக் களவென்றது. அவ்வணிகத்தின் நடுவே படியெடுத்தலையே வழியாகக் கொண்டவர் பாப் வாலஸ்.

மைக்ரோசாஃப்ட்டிலிருந்து விலகிய அவர், 1983இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் குவிக்சாஃப்ட் நிறுவனத்தைத் தொடங்கினார். எழுதுவதற்கான மென்பொருள்கள் பல நூறு டாலருக்கு விற்ற நாளில், 'பிசி-ரைட்' நெகிழ்வட்டைப் பத்து டாலருக்கு அளித்தார். நண்பர்க்குப் படியெடுத்துக் கொடுக்கத் தடையிருக்கவில்லை. மனம் ஒப்பியவர் 75 டாலர் செலுத்திப் பதிவு செய்தனர். அவர் வழங்கிய படியைப் பெற்றவரும் பதிவு செய்தால், அவருக்கு 25 டாலர் சேர்ந்தது. இம்முறையை 'ஷேர்வேர்' என்று அழைத்தார் வாலஸ்.

தொடங்குவது எளிதாக இருந்தது. வட்டைச் செருகி, 'ஈடி' என்னும் கட்டளையோடு கோப்பின் பெயரைத் தட்டினால் எழுதும் திரை விரிந்தது. எழுத, அழிக்க, வரிகளை இடம் மாற்ற முடிந்தது. எனினும், வட்டில் சேமிக்கும்வரை எழுத்து மின்சாரத்தின் தயவில் நின்றது. மின்சாரம் நின்றால் கவிதையும் மறைந்தது. சேமித்தலே புதியவர்க்கு முதற்பாடமாக இருந்தது.

வாலஸ் 2002இல் மறைந்தார். பயன்படுத்துவோரின் நேர்மையை நம்பித் தொடங்கிய நிறுவனம் பல்லாண்டு நடந்தது. எழுதுவோரை நம்பலாம் என்பதற்கு அதுவே சான்று.