பொறியைப் பார்க்காதீர்கள், எரிபொருளைப் பாருங்கள்



2005 செப்டம்பர் 21. கலிபோர்னியாவின் பர்பாங்க் நகரிலிருந்து நியூயார்க்குக்குக் கிளம்பியது ஜெட்புளூ நிறுவனத்தின் ஏர்பஸ் ஏ320 விமானம். மேலே ஏறியதும் முன்சக்கரத்தை மடக்கப் பார்த்தார்கள், மடங்கவில்லை. பக்கத்து லாங் பீச் விமான நிலையத்தின் கட்டுப்பாட்டுக் கோபுரத்தை ஒட்டித் தாழப் பறந்து காட்டினார் விமானி. முன்சக்கரங்கள் இரண்டும் 90 டிகிரி திரும்பிக் குறுக்காக நிற்பது அங்கிருந்தவர்களுக்குத் தெரிந்தது.

தரையைத் தொட்டால் அவை உருளப் போவதில்லை, தேயத்தான் போகின்றன. ஆனாலும் விமானம் உடனே இறங்கவில்லை. ஏறத்தாழ மூன்று மணி நேரம் வட்டமடித்தது. சில பெரிய விமானங்களைப் போல எரிபொருளை வானத்திலேயே கொட்டிவிடும் வசதி ஏ320-இல் கிடையாது. பறந்து பறந்து எரித்துத் தீர்க்க வேண்டியதுதான். 2024 அக்டோபரில் திருச்சியிலிருந்து சார்ஜாவுக்குப் புறப்பட்ட போயிங் 737 இரண்டு மணி நேரத்துக்கு மேல் நம் தலைக்கு மேலேயே சுற்றியதும் இதற்காகத்தான். எரிபொருள் குறைந்தால் எடை குறையும், தீப்பற்றினாலும் எரிவதற்கு மிச்சம் கொஞ்சமாகவே இருக்கும்.

ஜெட்புளூ விமானத்தின் இருக்கைகளில் நேரலைத் தொலைக்காட்சி இருந்தது. தாங்கள் உட்கார்ந்திருக்கும் விமானம் என்ன ஆகப் போகிறது என்ற செய்தியை, அதே விமானத்தில் உட்கார்ந்தபடி பயணிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்படியொரு சோதனை யாருக்கும் வரக்கூடாது!

மாலையில் லாஸ் ஏஞ்சலிஸில் இறங்கியது. முன்பக்கப் பாரத்தைக் குறைக்கப் பயணிகளைப் பின்வரிசைகளுக்கு மாற்றியிருந்தார்கள். விமானி முடிந்தவரை மூக்கைத் தூக்கியே பிடித்திருந்தார். முன்சக்கரம் பட்டதும் டயர்கள் கிழிந்தன, ரப்பர் புகைந்து எரிந்தது, பிறகு சக்கரத்தின் உலோகமே ஓடுபாதையில் உரசிச் சுடர் விட்டது. விமானம் நேர்க்கோட்டில் ஓடி நின்றது. உள்ளே இருந்த 146 பேரில் ஒருவருக்கும் காயமில்லை.

அவ்வளவு நெருப்பைக் கண்ட பிறகும் விமானம் ஏன் பற்றவில்லை?

சாணை பிடிக்கிறவர் கத்தியைக் கல்லில் வைத்ததும் பறக்கும் பொறி அவர் கையில் விழுந்தாலும் பெரிதாகச் சுடுவதில்லை. ஓடுபாதையில் பறப்பதும் அதே வகைதான். உரசும்போது உலோகத்திலிருந்து மிக நுண்ணிய துகள்கள் பிய்கின்றன. உராய்வின் சூட்டோடு அவை காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்ந்து எரிகின்றன. சூடு அதிகம்தான், ஆனால் துகள் சிறியது, நொடியில் ஆறிவிடும். எல்லா உலோகமும் ஒரே மாதிரிப் பொறி விடுவதுமில்லை. எஃகு விடும். டைட்டானியம் கண்ணைப் பறிக்கும் வெள்ளைப் பொறி விடும். பெரும்பாலான விமானங்களின் உடலுக்குப் பயன்படும் அலுமினியமோ, 660 டிகிரி செல்சியசில் உருகிவிடுவது; சாதாரண உரசலில் அது எளிதில் பொறி விடாது. நாசாவுக்கு முன்னோடியாக இருந்த அமைப்பு 1950-களில் உலோகத் துண்டுகளை ஓடுபாதையில் இழுத்து இதைச் சோதித்துப் பார்த்தது.

ஆகவே பொறி தனியாக விமானத்தை எரித்துவிடாது. அதற்கு எரிபொருள் கசிந்து ஆவியாக வேண்டும், அந்த ஆவி பொறியைச் சந்திக்க வேண்டும். லாஸ் ஏஞ்சலிஸில் பொறி பறந்தது மூக்குக்குக் கீழே. எரிபொருள் இருந்ததோ இறக்கைகளிலும் அவற்றுக்கு நடுவிலும், ஓட்டையில்லாத தொட்டிகளுக்குள். 2011 நவம்பர் 1 அன்று போலந்தின் வார்சாவில் ஒரு போயிங் 767 சக்கரமே இறங்காமல் வயிற்றால் சறுக்கி நின்றது. இறக்கைக்கு நேர் கீழே இருக்கும் எஞ்சின்கள் தரையில் உரசின. ஆனாலும் விமானத்திலிருந்த 231 பேரும் பிழைத்தார்கள்.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. 2016 ஜூன் 27 அன்று சிங்கப்பூரிலிருந்து மிலானுக்குப் போன போயிங் 777 ஒன்று எஞ்சின் கோளாறால் வழியிலேயே திரும்பி வந்தது. ஒழுங்காகச் சக்கரத்தில்தான் இறங்கியது, எதுவும் தரையில் உரசவில்லை. ஆனாலும் வலது இறக்கை மளமளவென்று எரிந்தது. எஞ்சினுக்குள் ஒரு குழாயில் விரிசல் விட்டு எரிபொருள் கசிந்திருந்ததே காரணம். தீயணைப்பு வண்டிகள் சில நிமிடங்களில் அணைத்தன, எல்லோரும் தப்பினார்கள்.

2019 மே 5 அன்று மாஸ்கோவில் அந்த அதிர்ஷ்டம் இல்லை. மின்னல் தாக்கிய சுகோய் சூப்பர்ஜெட் விமானம், கிளம்பிய அரை மணி நேரத்துக்குள், வயிறு நிறைய எரிபொருளோடு திரும்பியது. தரையில் மோதித் துள்ளி விழுந்ததில் சக்கரக் கால்கள் முறிந்து எரிபொருள் தொட்டிகளைக் கிழித்தன, விமானம் பற்றி எரிந்தது. இருந்த 78 பேரில் 41 பேர் இறந்தார்கள்.

தீப் பற்றிவிட்டால் விரைவாக வெளியேறுவதுதான் வழி. பாதிக் கதவுகள் அடைபட்டிருந்தாலும் 90 விநாடிக்குள் எல்லோரும் வெளியேற முடியும் என்று நிரூபித்த பிறகுதான் ஒரு பெரிய பயணிகள் விமான வகைக்கு அனுமதி தருகிறார்கள். அந்தச் சோதனையில் யாரும் தலைக்கு மேலிருந்து பெட்டியை இறக்குவதில்லை. எனவே நேயர்களே, என்றாவது அவசரமாக வெளியேறச் சொன்னால் பெட்டியைத் தொடாதீர்கள். பக்கத்தில் இருப்பவரையும் தொட விடாதீர்கள்.