சொல் இழந்தோரின் வலி

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டுகளாகச் சொல்லைப் பற்றியே பேசிவந்த அவை இது. எந்தச் சொல் உயிருள்ளது, எது செத்தது, எந்தக் கவிதையில் துயரம் மெய்யானது, எதில் அது ஒப்பனை என்றெல்லாம் இங்கே விவாதங்கள் நடந்திருக்கின்றன. அவற்றுக்கெல்லாம் அடியில் ஒரு நம்பிக்கை இருந்துவந்திருக்கிறது. துன்பம் சொல்லின் வழியாகவே பிறருக்கு எட்டுகிறது என்பதும், நன்கு சொல்லப்பட்ட துன்பமே நம்பத்தக்கது என்பதும் அந்த நம்பிக்கை. அதனை இன்று ஓர் அறிவியல் துறையின் வெளிச்சத்தில் வைத்துப் பார்க்க விரும்புகிறேன். மூளையைப் படமெடுத்து வலியை ஆராயும் துறை அது. முதுமையில் அறிவாற்றல் தேய்ந்து, சொற்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்துபோனவர்களின் வலியைப் பற்றி அத்துறை கண்டறிந்தவை, கவிஞர்களாகிய நமக்கும் உரியவை என்றே கருதுகிறேன்.

முதலில் சொல்லிலிருந்தே தொடங்கலாம். வலியைக் குறிக்கத் தமிழில் சொற்பஞ்சம் இல்லை. தலை குத்துகிறது, கால் குடைகிறது, வயிறு பிசைகிறது, பல் விண்விண்ணென்று தெறிக்கிறது, புண் காந்துகிறது, நெஞ்சை அழுத்துகிறது என்று சொல்கிறோம். இவற்றுள் ஒன்றை எடுத்துவிட்டு மற்றொன்றை அங்கே வைக்க இயலாது. மருத்துவரும் இந்த வேறுபாட்டைப் பற்றிக்கொண்டே நோயை நாடுகிறார். எரிச்சல் என்றால் நரம்பை நினைக்கிறார். நெஞ்சில் அழுத்தம் என்றால் இதயத்தை நினைக்கிறார். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரொனால்டு மெல்சாக் 1975ஆம் ஆண்டில் வெளியிட்ட வலி வினாநிரல் இந்த உண்மையின்மேல் எழுந்ததுதான். நோயாளிகள் வழங்கும் 78 சொற்களை 20 தொகுதிகளாகப் பிரித்து, உம் வலிக்குப் பொருந்தும் சொல் எது என்று அது கேட்டது. வலியை அளக்கச் சொற்களின் பட்டியலே கருவியாயிற்று. உடல் உணரும் தன்மையைக் குறிக்கும் சொற்கள் ஒருபுறமும், மனம் அடையும் துன்பத்தைக் குறிக்கும் சொற்கள் ஒருபுறமும் அதில் தனித்தனியே நின்றன.

சொல்லில் காணப்பட்ட இந்தப் பிரிவு மூளையிலும் உண்டா? படமெடுக்கும் கருவிகள் வந்த பின்னரே இதற்கு விடை தேட முடிந்தது. 1990இல் செய்ஜி ஒகாவாவும் அவருடைய குழுவினரும் ஒரு வழியைக் காட்டினர். உயிர்வளி நிறைந்த குருதியும் அதை இழந்த குருதியும் காந்தப் புலத்தில் வெவ்வேறாக நடந்துகொள்ளும். மூளையின் ஒரு பகுதி உழைக்கும்போது அங்கே புதுக்குருதி மிகுதியாகப் பாய்கிறது, அம்மாற்றத்தை எம்.ஆர்.ஐ. கருவியால் படமாக்கலாம். எனவே திரையில் நாம் பார்க்கும் வண்ணப் புள்ளிகள் எண்ணத்தின் படமோ வலியின் படமோ அல்ல. சில நொடிகள் பிந்தி வந்து சேரும் குருதியோட்டத்தின் கணக்கு அவை. இதனை மனத்தில் இருத்திக்கொண்டால் மேலே சொல்லப்போகும் முடிவுகளை அளவுக்கு மீறி நம்பாமலும் காரணமின்றி ஒதுக்காமலும் இருக்கலாம்.

1997இல் மாண்ட்ரியாலில் பியர் ரெய்ன்வில் முதலானோர் ஒரு சோதனை செய்தனர். இது பெட் ஸ்கேன் முறையில் நடந்தது. கையைச் சுடுநீரில் வைத்திருக்கும் தன்னார்வலர்களை அறிதுயிலில் ஆழ்த்தி, ‘இது மிகுந்த துன்பம் தருகிறது’ என்றோ ‘அவ்வளவாகத் துன்பம் தரவில்லை’ என்றோ கருத்தூட்டினர். நீரின் சூடு மாறவில்லை. உடல் உணர்வைப் பதியும் மூளைப்புறணியிலும் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. ஆனால் சிங்குலேட் எனப்படும் பகுதியின் முன்புறத்தில் செயல்பாடு துன்பத்தின் அளவை ஒட்டி ஏறவும் இறங்கவும் செய்தது. ஆக, வலிக்கு ஒரே இருப்பிடம் இல்லை. எங்கே, எவ்வளவு என்று அறிவது ஒரு வேலை. ஐயோ என்று வருந்துவது மற்றொரு வேலை. பல பகுதிகள் சேர்ந்து எழுப்பும் அனுபவம் அது. வலி என்றும் வேதனை என்றும் நாம் இரண்டு சொற்களை வைத்திருப்பது வீணன்று.

அடுத்து, நாட்பட்ட வலி சிந்தனையை என்ன செய்கிறது என்ற வினா. 2004இல் சிகாகோவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் வானியா அப்காரியன் குழுவினர், தீராத முதுகுவலி உள்ள 26 பேரின் மூளையை வலியற்றோர் மூளையோடு ஒப்பிட்டனர். மூளைப்புறணியின் சாம்பல்நிறப் பகுதி வலியுற்றோரிடம் 5 முதல் 11 சதவீதம் வரை குறைந்திருந்தது. இயல்பாக முதுமை அடைவோர் 10 முதல் 20 ஆண்டுகளில் இழக்கும் அளவு அது. திட்டமிடுதலுக்கும் கவனத்துக்கும் உரிய நெற்றிப் பகுதியும் தலாமஸும் இந்தக் குறைவைக் காட்டின. 2017இல் அமெரிக்காவில் வெளியான மற்றோர் ஆய்வு, 62 வயதும் அதற்கு மேலும் ஆன 10,065 பேரைத் தொடர்ந்து கவனித்தது. நீடித்த வலி உடையோரிடம் நினைவாற்றல் மற்றவர்களைவிட 9.2 சதவீதம் விரைவாகத் தேய்ந்தது.

இவற்றைக் கேட்டதும் வலி மூளையைத் தின்றுவிடுகிறது என்று முடிவுகட்டத் தோன்றும். அவ்வளவு தொலைவு செல்ல இந்த ஆய்வுகள் இடம் தரவில்லை. இரண்டு நிகழ்வுகள் சேர்ந்து வருவதாலேயே ஒன்று மற்றதற்குக் காரணம் ஆகிவிடாது. உறக்கமின்மை, மனச்சோர்வு, உட்கொள்ளும் மருந்துகள், வீட்டுக்குள் முடங்கிப்போதல் ஆகியவையும் இடையே நிற்கின்றன. வலியே கவனத்தின் பெரும்பங்கை எடுத்துக்கொள்வதால், எஞ்சிய கவனம் நினைவுக்குப் போதாமல் போவதும் உண்டு. மேலும் ஆறுதல் தரும் செய்தி ஒன்றும் இருக்கிறது. 2009இல் ஜெர்மன் ஆய்வாளர்கள், இடுப்பு மூட்டுத் தேய்மானத்தால் வருந்தியவர்களுள் மூட்டு மாற்று அறுவைக்குப் பின் வலி நீங்கிய 10 பேரை மீண்டும் படமெடுத்தனர். குறைந்திருந்த சாம்பல்நிறப் பகுதி மீண்டும் வளர்ந்திருந்தது. 2011இல் மெக்கில் பல்கலைக்கழகத்தில் முதுகுவலிக்குச் சிகிச்சை பெற்றவர்களிடமும் மெலிந்திருந்த நெற்றிப் பகுதி தடித்தது. இரண்டும் சிறிய ஆய்வுகள்தாம். எனினும், முதுமை என்றால் வலி இருக்கத்தான் செய்யும் என்று கைவிரிக்கும் வழக்கத்துக்கு அவை வலுவான மறுப்பு.

இனி இந்த உரையின் நடுப்பகுதிக்கு வருகிறேன். மறதிநோய் முற்றியவரிடம் மெல்சாக்கின் 78 சொற்களை நீட்டினால் என்ன ஆகும்? குத்தல் எது, குடைச்சல் எது என்று சொல்ல அவரிடம் சொல் இல்லை. எங்கே வலிக்கிறது என்ற வினாவே அவருக்குப் போய்ச் சேர்வதில்லை. நெடுங்காலம் மருத்துவ உலகில் ஒரு மயக்கம் நிலவியது: சொல்லாதவருக்கு வலி குறைவு. அதன் விளைவை 2000ஆம் ஆண்டில் நியூயார்க்கில் வெளியான ஆய்வு ஒன்று எடுத்துக்காட்டியது. இடுப்பெலும்பு முறிந்து மருத்துவமனைக்கு வந்த முதியோருள், மறதிநோய் முற்றியவர்களுக்குக் கிடைத்த மார்ஃபின் வகை மருந்து, தெளிவான அறிவுடையோருக்குக் கிடைத்ததில் மூன்றில் ஒரு பங்கே. முறிந்த எலும்பு ஒன்றுதான். கேட்கத் தெரிந்தவருக்கு மூன்று பங்கு, கேட்கத் தெரியாதவருக்கு ஒரு பங்கு.

படமெடுக்கும் கருவி இங்கேதான் சாட்சி சொன்னது. 2006இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில், அல்சைமர் நோயுற்ற 14 பேரையும் நலமுள்ள முதியோர் 15 பேரையும் கொண்டு லியோனி கோல் குழுவினர் ஆய்ந்தனர். கட்டைவிரல் நகத்தின்மீது அளந்து அழுத்தம் கொடுத்து, அப்போது மூளையைப் படமெடுத்தனர். நோயுற்றோரின் மூளையில் வலியோடு தொடர்புடைய செயல்பாடு குன்றியிருக்கும் என்பது பரவலான எதிர்பார்ப்பு. அது குன்றவில்லை. சில பகுதிகளில் நலமுள்ளோரைவிட மிகுந்தும், நெடுநேரம் நீடித்தும் இருந்தது. நோய் தொடக்க நிலையிலும் நடுநிலையிலும் இருந்தவர்கள் இவர்கள்; முற்றிய நிலைக்கு இதனை அப்படியே நீட்டிச் சொல்ல முடியாது. ஆயினும், சொல் தேய்ந்தால் வலியும் தேயும் என்ற மயக்கம் அந்த அறையில் உடைந்தது.

அதே ஆண்டு இத்தாலியின் துரின் நகரில் ஃபாப்ரீசியோ பெனடெட்டி குழுவினர் கண்டது இன்னும் நெஞ்சைத் தொடுவது. மருந்து தரப்படுகிறது என்று அறிந்தாலே நம்மில் பலருக்கு வலி ஓரளவு தணியும். எதிர்பார்ப்பு தரும் ஆறுதல் அது. நெற்றிப் பகுதியின் உதவி அதற்கு வேண்டும். அல்சைமர் நோயில் நெற்றிப் பகுதியின் தொடர்புகள் அறுந்தவர்களுக்கு அந்த ஆறுதல் கிட்டுவதில்லை. மருந்து தன் வேதியியலால் எவ்வளவு தணிக்குமோ அவ்வளவே. ஆகவே அவர்களுக்குக் கூடுதல் மருந்து வேண்டியிருக்கலாம் என்றனர் ஆய்வாளர்கள். மூன்றில் ஒரு பங்கு பெற்றவர்களின் நிலையை இதனோடு சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

அப்படியானால் இனிச் சொல்லுக்குப் பதில் படத்தை நம்பிவிடலாமா? கூடாது. இந்தப் படங்கள் பலரின் சராசரி. இந்த ஒருவருக்கு, இந்த இரவில் வலிக்கிறதா என்று அவை தீர்ப்புச் சொல்ல மாட்டா. வலி உண்டென்றோ இல்லையென்றோ நீதிமன்றத்திலும் காப்பீட்டு வழக்கிலும் நிறுவ மூளைப் படத்தைப் பயன்படுத்தலாகாது என்று உலக வலி ஆய்வுச் சங்கம் அமைத்த குழு 2017இல் எச்சரித்தது. அதே சங்கம் 2020இல் வலிக்கான வரையறையைத் திருத்தியபோது, வாய்ச்சொல் வலியை வெளியிடும் பல வழிகளில் ஒன்று மட்டுமே, சொல்ல இயலாமை வலியின்மை ஆகாது என்ற கருத்தைக் குறிப்பாகச் சேர்த்தது.

பிற வழிகள் எவை? 2003இல் அமெரிக்காவில் உருவான ஓர் அளவுகோல் ஐந்தைப் பார்க்கச் சொல்கிறது: மூச்சு, முனகல், முகக்குறி, உடலின் இறுக்கம், தேற்றினால் தேறுகிறாரா என்பது. இதனைப் படித்தபோது எனக்குத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நினைவுக்கு வந்தது. உள்ளத்தில் நிகழ்வது உடம்பின்மேல் தோன்றுவதே மெய்ப்பாடு. கண்ணாலும் செவியாலும் நுட்பமாக உணரவல்லவர்க்கே அதன் பொருள் விளங்கும் என்று அவ்வியலிலேயே சொல்லப்பட்டிருக்கிறது. நம் அகப்பாடல்களில் தலைவி தன் நோயை வாய்விட்டுச் சொல்லாத இடங்கள் எத்தனை! வளை நெகிழ்வதையும் பசலை படர்வதையும் கண்டு தோழியோ செவிலியோ உணர்ந்துகொள்கிறாள். காதல் துன்பத்தையும் உடல் துன்பத்தையும் நோய் என்ற ஒரே சொல்லால் குறித்த மரபு, சொல்லப்படாத நோயைப் படிக்கத் தெரிந்தவளையும் படைத்து வைத்திருக்கிறது.

இந்தப் படிப்பு எவ்வளவு பயன் தரும் என்பதற்கு நார்வேயில் நடந்த ஆய்வு ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். முதியோர் இல்லங்களில் மறதிநோயால் அமைதியிழந்து கூச்சலிடுவோரையும் அடிக்க வருவோரையும் மனநோய் மருந்தால் அடக்குவது வழக்கம். 2011இல் பெட்டினா ஹுசேபோ குழுவினர் வெளியிட்ட ஆய்வில், அத்தகைய 352 பேருள் ஒரு பாதியினருக்கு 8 வாரங்கள் முறையாக வலிநீக்கி கொடுக்கப்பட்டது. பெரும்பாலோர் பெற்றது நம் வீட்டு அலமாரியில் இருக்கும் பாராசிட்டமால்தான். அவர்களின் கிளர்ச்சி சராசரியாக 17 சதவீதம் குறைந்தது. முரட்டுத்தனம் என்று பெயர் பெற்றிருந்ததில் ஒரு பங்கு, கேட்பாரற்றுக் கிடந்த வலி.

கவிஞர்களே, சொல்லின் நயத்தைக் கொண்டு துன்பத்தின் மெய்ம்மையை அளக்கும் பழக்கம் நமக்கு உண்டு. ஏட்டில் அது தகும், கட்டிலருகே தகாது. நம் வீடுகளிலும் சொல் இழந்த மூத்தவர்கள் இருக்கிறார்கள். நாளை அந்த இடத்தில் நாமும் இருக்கக்கூடும். அவர் உணவை ஒதுக்கும்போதும், தொட்டால் கையைத் தட்டிவிடும்போதும், புரண்டு படுக்கையில் முகம் சுளிக்கும்போதும், ‘இவருக்கு ஒன்றும் தெரியாது’ என்று நகர்ந்துவிடாமல் ஒரு நொடி நின்று படித்துப் பாருங்கள். மருத்துவரிடம் அதை நீங்கள் சொல்லுங்கள். சொல்லைப் பேணக் கற்ற இந்த வட்டம் அடுத்த பத்தாண்டில் இந்தப் படிப்பையும் கற்குமாயின் பெரிதும் மகிழ்வேன்.