தலைவலிக்குதுன்னு பிரஷர் மாத்திரையை நிறுத்தலாமா?

உத்திரமேரூர், சாலவாக்கம், மானாம்பதி பக்கமெல்லாம் இன்று பிரஷர் மாத்திரை அட்டை இல்லாத தெரு இருக்காது. 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், தன்னார்வலர்கள் வாசலுக்கே வந்து, கையில் பட்டையைச் சுற்றி பி.பி. பார்த்து, மாத்திரையும் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். மறுமாதம் வந்து அட்டையைத் திருப்பிப் பார்த்தால், சில வீடுகளில் மூன்று குழிதான் காலியாக இருக்கும். கேட்டால், “போட்டதுலேருந்து தலைவலிக்குதும்மா, அதான் விட்டுட்டேன்” என்பார்கள். பக்கத்து வீட்டில் நேர்மாறு: “தலைவலிச்சா மட்டும் ஒண்ணு போட்டுக்குவேன்.” நிறுத்துகிறவரும் சரி, நினைத்தபோது போடுகிறவரும் சரி, தலைவலியை வைத்தே பிரஷரைக் கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கு ஏன் தப்பு என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்வோம். பிரஷர் மாத்திரையால் தலைவலி வரலாம். பரவலாகக் கொடுக்கப்படும் அம்லோடிபின், ரத்தக் குழாய்ச் சுவரில் உள்ள தசையைத் தளர்த்திக் குழாயை விரிக்கிறது. அதனால்தான் அழுத்தம் இறங்குகிறது. அதே காரணத்தால் சிலருக்குத் தலை பாரமாகும், நெற்றிப்பொட்டு விண்விண்ணென்று தெறிக்கும், முகம் சூடாகும். குழாயை விரிக்கும் மருந்தால் தலைவலி வரும் என்பது பழைய செய்தி. 1847-இல் இத்தாலியைச் சேர்ந்த சொப்ரெரோ, அப்படிக் குழாயை விரிக்கும் நைட்ரோகிளிசரினைக் கண்டுபிடித்து, துளி எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தபோதே கடுமையான தலைவலி வந்தது. பின்னாளில் அதை வைத்து வெடிமருந்து செய்த ஆலைகளில், வேலைக்குச் சேர்ந்த புதிதில் தொழிலாளிகளுக்குத் தலைவலிக்கும், சில நாளில் அடங்கிவிடும், வார விடுமுறை கழித்துத் திங்கட்கிழமை வந்தால் மறுபடி பிடித்துக்கொள்ளும். அம்லோடிபின் வேறு மருந்துதான். ஆனாலும் அதிலும் தலைவலி பெரும்பாலும் முதல் ஒரு வாரம், பத்து நாளில் தணிந்துவிடுகிறது. மூன்று மாத்திரையோடு நிறுத்துகிறவர், உடம்பு பழகுவதற்கே இடம் கொடுப்பதில்லை.

அடுத்தது, மாத்திரை போட்டபின் வருகிற தலைவலி எல்லாமே மாத்திரையால் வந்ததா? இதைக் கண்டுபிடிக்க ஆய்வாளர்கள் ஒரு சாராருக்கு நிஜ மாத்திரையும், மற்றவர்களுக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரையும் கொடுத்துப் பார்ப்பார்கள். யாருக்கு எது என்பது போடுகிறவருக்குத் தெரியாது. அப்படி நடந்த ஆய்வுகளில் அம்லோடிபின் போட்டவர்களில் 7.3 சதவீதம் பேர் தலைவலி என்றார்கள். வெறும் மாத்திரை போட்டவர்களில் 7.8 சதவீதம் பேர் அதையே சொன்னார்கள். ஆய்வு சரியாக நடக்கவில்லையோ என்று சந்தேகிக்க வேண்டாம். கால் வீக்கத்தைப் பாருங்கள்: 10 மில்லிகிராம் போட்டவர்களில் 10.8 சதவீதம், வெறும் மாத்திரையில் 0.6 சதவீதம். மருந்தால் வரும் தொல்லை இப்படித் தனியாகத் தெரிந்துவிடும். அம்லோடிபின் வகையைச் சேராத மற்ற நான்கு வகை பிரஷர் மருந்துகளைப் பற்றி 2005-இல் வந்த ஒரு தொகுப்பு, 94 ஆய்வுகளில் சுமார் 24,000 பேரைக் கணக்கெடுத்தது. வெறும் மாத்திரை போட்டவர்களைவிட மருந்து போட்டவர்களுக்குத் தலைவலி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது.

“அப்படியானால் என் தலைவலி பொய்யா?” என்று கேட்பீர்கள். பொய்யே இல்லை. ஆயிரம் பேரின் சராசரி உங்கள் ஒருவர் தலைக்குள் நடப்பதைச் சொல்லிவிடாது. ஆனால் நடவு வெயிலில் தண்ணீர் குடிக்காமல் குனிந்து நின்றாலும் தலைவலிக்கும். காலையில் பட்டினி கிடந்தாலும், ராத்தூக்கம் கெட்டாலும், கண் பார்வை மங்கினாலும் வலிக்கும். ஆகவே வலி எந்த நாள், மாத்திரை போட்ட எத்தனை மணி நேரத்தில் வந்தது என்று குறித்துவையுங்கள். அப்போது பி.பி. எவ்வளவு என்று அளந்து பாருங்கள். பத்து நாளுக்கு மேல் நீடித்தால், அல்லது தாங்க முடியாமல் போனால் அதற்கு முன்பே, அந்தக் குறிப்போடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ உத்திரமேரூர் அரசு மருத்துவமனைக்கோ போங்கள். அளவைக் குறைக்கலாம், வேறு மாத்திரைக்கு மாற்றலாம். அதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர்.

“நிறுத்திப் பார்த்தேன், ஒண்ணும் ஆகலையே?” என்பது அடுத்த வாதம். அம்லோடிபின் ரத்தத்தில் பாதியாகக் குறையவே 30 முதல் 50 மணி நேரம் பிடிக்கும். அதனால் நிறுத்திய மறுநாளே வித்தியாசம் தெரியாது. பிறகு பிரஷர் சத்தமில்லாமல் ஏறும். பெரும்பாலானோருக்குத் தலைவலியோ மயக்கமோ இருக்காது. பக்கவாதம், மாரடைப்பு, சிறுநீரகக் கோளாறு என்று வந்த பிறகே தெரியும். அட்டெனலால் என்ற வேறொரு பிரஷர் மாத்திரையைப் போடுகிற இதய நோயாளி திடீரென்று நிறுத்தினால் நெஞ்சுவலியே வரலாம். 2020-இல் தமிழ்நாட்டில் எடுத்த கணக்கெடுப்பில், பிரஷர் உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்குத்தான் அது கட்டுக்குள் இருந்தது. மாத்திரை வாசலுக்கு வந்தால் போதாது, அது தினமும் வயிற்றுக்குள் போக வேண்டும்.

“மாத்திரையும் போடுறேன், வலிக்கு மருந்துக்கடையில ஒண்ணு வாங்கிக்கிறேன்” என்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. டைக்ளோபினாக், ஐபுப்ரோபென் போன்றவை உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி பிரஷரை ஏற்றக்கூடியவை, சிறுநீரகத்தையும் பாதிக்கலாம். பாராசிட்டமாலைக்கூட மாதத்தில் 15 நாளுக்கு மேல், மாதக்கணக்கில் போட்டால், அதுவே தினசரித் தலைவலிக்குக் காரணமாகிவிடலாம்.

இதுவரை காணாத கடும் தலைவலி திடீரென்று தாக்கினாலோ, வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, கை கால் ஒரு பக்கம் மரத்தாலோ, பார்வை திடீரென்று மங்கினாலோ பத்து நாள் பார்க்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள். மருந்தின் பக்கவிளைவை யார் வேண்டுமானாலும் 1800-180-3024 என்ற இலவச எண்ணில் அரசுக்குத் தெரிவிக்கலாம். மற்றபடி, தன்னார்வலர் அடுத்த முறை வரும்போது மீதி மாத்திரையை ஒளித்துவைக்காதீர்கள். ஏன் போடவில்லை என்று உள்ளதைச் சொல்லுங்கள். வேறு மாத்திரை இருக்கிறது, கேட்டால்தான் கிடைக்கும்.