முறைப்பாட்டுப் புத்தகத்தில் எங்கட மொழி எங்கே? வடக்கின் பொலிஸ் ஆளணி பற்றி ஒரு பேச்சு

(மக்கள் சந்திப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம். வாசியுங்கள், மற்றவர்களுக்கும் பகிருங்கள்.)



இண்டைக்கு உங்களோட ஒரு கதிரையைப் பற்றித்தான் கதைக்கப் போறன். பொலிஸ் நிலையத்தில முறைப்பாடு எழுதுற உத்தியோகத்தர் இருக்கிற கதிரை.

இரவு பத்து மணிக்கு ஒரு தாய் அந்தக் கதிரைக்கு முன்னால போய் நிக்கிறா எண்டு வையுங்கோ. மகளுக்கு நடந்த கொடுமையைத் தமிழில சொல்லுறா. எதிரில இருக்கிறவருக்குத் தமிழ் விளங்காது. தமிழ் தெரிஞ்சவர் கடமை முடிஞ்சு போயிட்டார். "நாளைக்கு வாங்கோ" எண்டு திருப்பி அனுப்பலாம். இல்லாட்டி அரைகுறையா விளங்கினதை சிங்களத்தில எழுதி, கையெழுத்து வாங்கலாம். பிறகு நீதிமன்றத்தில அந்தத் தாய் சொன்னது ஒண்டு, புத்தகத்தில இருக்கிறது வேறொண்டு. வழக்கு அங்கேயே பலவீனமாகிப் போகுது.

இதைத் தனியொரு உத்தியோகத்தரின் குற்றமாக நாங்கள் பார்க்கவில்லை. ஆளணியை எப்படிப் பங்கிடுகிறார்கள் என்பதுதான் பிரச்சினை.

ஒரு சின்னக் கணக்குப் பாருங்கள். ஒரு கிழமைக்கு 168 மணித்தியாலம். ஒருவர் கிழமைக்கு 48 மணித்தியாலம் வேலை செய்தால், ஒரு கதிரையை இரவு பகலாக நிரப்ப மூன்றரைப் பேர் வேண்டும். லீவு, நீதிமன்ற நாள், பயிற்சி எல்லாம் சேர்த்தால் ஆகக் குறைந்தது நாலு பேர். ஆகவே "இந்த நிலையத்தில் தமிழ் தெரிந்த ஒருவர் இருக்கிறார்" என்று சொல்வது பதில் இல்லை. அவர் இல்லாத நேரத்தில் யார் எழுதுவது?

அடுத்தது இடம். 2012 குடிசன மதிப்பீட்டின்படி யாழ்ப்பாண மாவட்டத்தில் சுமார் 5 இலட்சத்து 83 ஆயிரம் பேர். பரப்பு ஆயிரம் சதுர கிலோமீற்றர் அளவு. முல்லைத்தீவில் சுமார் 92 ஆயிரம் பேர்தான். ஆனால் பரப்பு அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். சனத்தொகையை மட்டும் பார்த்து ஆள் பிரித்தால் முல்லைத்தீவின் காட்டுக் கிராமத்துக்கு யார் போவது? நெடுந்தீவுக்கு இரவில் யார் கடல் தாண்டிப் போவது? பரப்பை மட்டும் பார்த்தால் யாழ் நகரத்தின் வாள்வெட்டையும் போதைப்பொருளையும் யார் பார்ப்பது?

இதுக்கு விடை சட்டத்திலேயே இருக்கு. 1987 இல் வந்த 13 ஆவது திருத்தம், மாகாணத்துக்கென ஒரு பொலிஸ் பிரிவு இருக்க வேண்டும் என்கிறது. அதன் ஆளணியை மாகாணத்தின் பரப்பையும் சனத்தொகையையும் கருத்தில் எடுத்து, ஜனாதிபதியின் ஒப்புதலோடு மாகாண நிர்வாகமே தீர்மானிக்க வேண்டும் என்கிறது. அது இன்று வரை நடைமுறைக்கு வரவில்லை. வட மாகாண சபையின் காலமும் 2018 ஒக்டோபரில் முடிந்து போனது. எத்தனை பேர், எங்கே, எந்த மொழியில் என்ற முடிவெல்லாம் கொழும்பிலதான்.

வடக்கிலும் கிழக்கிலும் நிர்வாக மொழி தமிழ் என்று அரசியலமைப்பு சொல்கிறது. கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவும் பொலிஸ் நிலையங்களில் 24 மணித்தியாலமும் இருமொழி உத்தியோகத்தர்கள் இருக்க வேண்டும் என்று 2011 இல் பரிந்துரைத்தது. அது அரசாங்கமே நியமித்த ஆணைக்குழு.

இப்ப எங்கட பக்கத்தையும் ஒளிக்காமல் கதைப்பம். "வெற்றிடம் இருக்கு, தமிழ்ப் பிள்ளைகள் விண்ணப்பிக்கினம் இல்லை" எண்டு சொல்லுவினம். ஏன் விண்ணப்பிக்கினம் இல்லை? அந்தச் சீருடையைக் கண்டு பயந்து வளர்ந்த தலைமுறை இது. அந்த வலியை நாங்கள் மறுக்க ஏலாது. ஆனால் ருத்ரா இராஜசிங்கம் என்ற தமிழர் 1982 முதல் 1985 வரை இந்த நாட்டின் பொலிஸ் மா அதிபராக இருந்தவர். அந்தக் கதிரையில் எங்கட பிள்ளைகள் இருந்தால்தான் அந்தத் தாய் சொன்னது சொன்னபடி எழுதப்படும். சேர விரும்புகிற பிள்ளையைத் தடுக்காதீர்கள், ஏளனம் செய்யாதீர்கள். சேர்ந்த பிள்ளையைத் தூர மாகாணத்துக்கு மாற்றாதீர்கள் என்று அரசுக்கும் சொல்லுறம்.

எங்கள் கோரிக்கைகள் நான்கு:

1. வடக்கின் ஒவ்வொரு பொலிஸ் நிலையத்துக்கும் அங்கீகரிக்கப்பட்ட ஆளணி, வெற்றிடம், தமிழில் எழுதக்கூடியோர் தொகை ஆகியவற்றை வெளியிட வேண்டும்.
2. ஒவ்வொரு கடமை நேரத்திலும் தமிழில் முறைப்பாடு எழுதும் ஒருவர் இருக்க வேண்டும். பெண்கள், சிறுவர் பிரிவில் முதலில் இதைச் செய்ய வேண்டும்.
3. பரப்பு, சனத்தொகை, தீவுகளின் தூரம் எல்லாம் பார்த்து ஆள் பங்கிட வேண்டும்.
4. மாகாண சபைத் தேர்தலை நடத்தி, சட்டத்தில் உள்ள பொலிஸ் அதிகாரத்தைத் தர வேண்டும்.

கடைசியாக, நாளைக்கே உங்களுக்கு உதவுகிற ஒரு விசயம். 1979 இன் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 109 ஆவது பிரிவின்படி, நீங்கள் வாய்மொழியாகச் சொல்வதை நீங்கள் பேசும் மொழியிலேயே எழுதி, உங்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அவருக்கு அது முடியாவிட்டால், நீங்களே உங்கள் கையால் தமிழில் எழுதிக் கொடுக்கலாம். "நான் எழுதித் தாறன்" என்று கேளுங்கள். விளங்காத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் நிலையத்தில் தமிழில் எழுத எத்தனை பேர் என்று, 2016 ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தமிழிலேயே எழுத்து மூலம் கேளுங்கள். விண்ணப்பம் எழுதத் தெரியாவிட்டால் எங்கள் அலுவலகத்துக்கு வாங்கோ, இருந்து எழுதித் தருவம்.

ஒவ்வொரு ஊரிலிருந்தும் ஒரு கடிதம் போனால், அந்தக் கதிரை வெறுமையாக இருப்பதை யாரும் மறைக்க ஏலாது.



#எங்கள்_மொழியில்_முறைப்பாடு